சியோல் நகரில் இல்லாத சித்திரசாலை!

தென் கொரியாவின் தலைநகரம் சியோல். அங்கே சித்திரசாலைகளுக்குக் குறைவில்லை. ஆனால், "சேயும் சித்திரசாலைக்கு எந்தப் பக்கம் போக வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். டாக்சிக்காரர் விழிப்பார். போலீஸ்காரர் தலையைச் சொறிவார். நாலு கல்லூரிப் பெண்கள் நின்றால், அவர்கள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அந்தச் சித்திரசாலை இருப்பது ஒரு டெலிவிஷன் நாடகத்தில் என்பது அவர்களுக்குத் தெரியும்!

நாடகத்தின் பெயர் "அவளுடைய அந்தரங்க வாழ்க்கை". 2019-ம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் 16 பகுதிகளாகக் கொரிய டெலிவிஷனில் வந்தது. பிறகு பல நாடுகளுக்கும் போயிற்று. கொரிய நாடகம் என்றால் சாப்பாட்டை மறந்து உட்காரும் கூட்டம் நம் ஊர் வீடுகளிலும் உண்டு. ஆகவே நம்மவர்களில் பலர் இதைப் பார்த்திருப்பார்கள்.

கொரிய மொழியில் "சேயும்" என்றால் "நிரப்புதல்" என்று பொருள். தமிழ்க் காதுக்கோ, "தாயும் சேயும்" என்பதுதான் சட்டென்று நினைவுக்கு வரும். ஒலி ஒற்றுமை தற்செயலானதுதான். ஆனால் என்ன விந்தை! அந்த நாடகத்தின் உயிர்நாடியே ஒரு தாயும் சேயும்தான்.

காதல் கதை, வேடிக்கைக் கதை என்று எண்ணிப் பார்க்க உட்கார்ந்தவர்கள், கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள். காரணம் என்ன? கட்டடம் கற்பனை. அதற்குள் மாட்டிய படங்களும் கற்பனை. ஆனால் அந்தப் படங்கள் கேட்ட கேள்வி கற்பனை அல்ல. ஒரு சித்திரம் யாருக்குச் சொந்தம்? காசு கொடுத்து வாங்கியவருக்கா? வரைந்தவருக்கா? அதைப் பார்த்து உருகி நிற்கிறவருக்கா?

பகலில் அதிகாரி, இரவில் ரசிகை

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

கதாநாயகி சுங் டக்-மி. சேயும் சித்திரசாலையின் தலைமைக் காப்பாட்சியர். கெட்டிக்காரி. இந்த வேடத்தில் நடித்தவர் பார்க் மின்-யங். பகல் முழுவதும் பொறுப்பான அதிகாரியாக வளைய வரும் இந்தப் பெண்ணுக்கு ஓர் இரகசியம் உண்டு. சா ஷி-யான் என்ற இளம் பாடகன்மீது அவளுக்குப் பித்து! முகத்தை மறைத்துக்கொள்வாள். பெரிய லென்ஸ் மாட்டிய காமிராவைத் தூக்கிக்கொள்வாள். அவன் பாடும் மேடை, அவன் வந்து இறங்கும் விமான நிலையம் எல்லாவற்றுக்கும் ஓடுவாள். எடுத்த படங்களை மற்ற ரசிகைகளுக்காக வெளியிடுவாள். ஆபீசில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் மானம் போய்விடும் என்ற பயம்.

கதாநாயகன் ரயன் கோல்டு. நடித்தவர் கிம் ஜே-வூக். இவன் கொரியாவில் பிறந்து, சிறு பிள்ளையிலேயே அமெரிக்கக் குடும்பம் ஒன்றுக்குச் சுவீகாரம் போனவன். பெரிய ஓவியன் என்று பெயர் வாங்கியவன். ஆனால் தூரிகையைத் தொட முடியாமல் போய், வரைவதையே விட்டுவிட்டான். இருவரும் முதன்முதலில் சந்திப்பது ஓர் ஏலக் கூடத்தில். ஒரே படத்துக்கு இருவரும் போட்டி போடுகிறார்கள். பிறகு பார்த்தால், அவனே அவளுடைய சித்திரசாலைக்குப் புதிய தலைவனாக வந்து நிற்கிறான்!

அப்புறம் கேட்க வேண்டுமா? மோதல், குழப்பம், பொய்க் காதல், மெய்க் காதல் எல்லாம் வரிசையாக வருகின்றன.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாடகம் எழுதியவர்கள் கதாநாயகிக்கு இந்த உத்தியோகத்தைச் சும்மா கொடுக்கவில்லை.

காப்பாட்சியரின் வேலை என்ன? வெளியூரிலிருந்து ஒரு படம் பெட்டியில் வந்து இறங்குகிறது. உடனே பெட்டியைத் திறந்துவிடக் கூடாது. ஏறக்குறைய ஒரு நாள் பெட்டியோடு அப்படியே வைத்திருக்க வேண்டும். அறையின் சூட்டுக்கும் ஈரப்பதத்துக்கும் படம் பழக வேண்டும். பிறகு கையுறை மாட்டிக்கொண்டு திறக்க வேண்டும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, எங்கே வர்ணம் வெடித்திருக்கிறது, எங்கே பொருக்கு எழும்பியிருக்கிறது என்று அங்குலம் அங்குலமாகப் பார்த்து எழுதி வைக்க வேண்டும். திரும்பிப் போகும்போதும் இதே பரிசோதனை. காகிதத்தில் தீட்டிய படமானால் வெளிச்சம் 50 லக்ஸுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது வழக்கம். அதற்கு மேல் போனால் நாளடைவில் நிறம் வெளிறிவிடும்.

ரசிகை என்ன செய்கிறாள்? அவளும் தேதி, இடம் எழுதிப் படங்களைச் சேர்க்கிறாள். ஒன்றையும் தூக்கி எறிவதில்லை. தூசு படாமல் உறையில் போட்டு வைக்கிறாள். கொரியாவில் இப்படிப்பட்ட ரசிகைகள், தாங்கள் எடுத்த படங்களை வைத்து வாடகை இடத்தில் சொந்தக் கண்காட்சியே நடத்துவது உண்டு!

இரண்டும் ஒரே வேலைதான். ஒன்றுக்குச் சம்பளமும் மரியாதையும் கிடைக்கின்றன. மற்றொன்றுக்குக் கேலி கிடைக்கிறது. சேர்ப்பது, காப்பது, பிறர் காணும்படி வைப்பது ஆகிய மூன்றையும் அன்பு இல்லாமல் செய்ய முடியாது. இதைத்தான் நாடகம் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறது.

சீமாட்டியின் மாளிகை

சேயும் சித்திரசாலை பெரிய பணக்காரக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தது. அந்த வீட்டு அம்மாள்தான் பழைய தலைவி. குடும்பத்தின் பண விவகாரத்தில் விசாரணை வருகிறது. அம்மாள் பதவியை விட்டு விலக நேர்கிறது. அந்த நாற்காலியில்தான் ரயன் வந்து உட்காருகிறான்.

கொரிய நாடகங்களைத் தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு இது புதிதல்ல. கோடீசுவரர் மனைவி என்றால் அவளுக்கு ஒரு சித்திரசாலை இருக்கும். மாமியார் கோபித்துக்கொண்டால் மருமகளிடமிருந்து முதலில் பிடுங்குவது அந்தச் சித்திரசாலைச் சாவியைத்தான்! இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது?

கொரியாவில் தனியார் சித்திரசாலை மிகப் புனிதமான காரியமாகத் தொடங்கியது. 1938-ம் ஆண்டு. நாடு ஜப்பானியர் ஆட்சியில் இருந்தது. பழஞ்சித்திரங்களும் பீங்கான் பாத்திரங்களும் கப்பல் கப்பலாக ஜப்பானுக்குப் போய்க்கொண்டிருந்தன. அதைப் பொறுக்க முடியாமல், சுன் ஹியுங்-பில் என்ற இளம் நிலச்சுவான்தார் பரம்பரைச் சொத்தைக் கொட்டி அவற்றை வாங்கினார். சியோலில் ஒரு கட்டடம் எழுப்பி அதில் பாதுகாத்தார். அதுதான் அந்நாட்டின் முதல் தனியார் மியூசியம். இன்று அவருடைய புனைபெயரால் "கான்சொங்" என்று வழங்குகிறது.

கொரிய எழுத்து எப்படி உண்டாக்கப்பட்டது என்பதை விளக்கும் 1446-ம் ஆண்டுப் புத்தகம் ஒன்று 1940-ல் அவர் கைக்கு வந்தது. விற்றவர் கேட்ட விலையைப்போல் பத்து மடங்கு கொடுத்து வாங்கினாராம்! கொரிய மொழியை ஜப்பானியர் நசுக்கிக்கொண்டிருந்த காலம் அது. புத்தகத்தை ஒளித்து வைத்துக் காப்பாற்றினார். 1997-ல் யுனெஸ்கோ அதை உலக ஆவணங்களின் பட்டியலில் சேர்த்தது.

ஆனால் பரம்பரைச் சொத்து எத்தனை நாள் தாங்கும்? 2020-ம் ஆண்டு மே மாதம் கான்சொங் குடும்பம் கஷ்டத்தினால் இரண்டு பௌத்தச் சிலைகளை ஏலத்துக்கு அனுப்பியது. நாடே திடுக்கிட்டது. ஏலத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் சர்க்காரின் தேசிய மியூசியம் அவற்றை வாங்கிக்கொண்டது.

இது ஒரு வகைச் சித்திரசாலை. இன்னொரு வகை, பெரிய கம்பெனிக் குடும்பங்கள் கட்டியது. அவற்றில் பெயர் பெற்றது சாம்சங் குடும்பத்தின் "லீயம்". 2004-ம் ஆண்டு அக்டோபரில் சியோலில் திறக்கப்பட்டது. மாரியோ போட்டா, ஜான் நூவல், ரெம் கூல்ஹாஸ் என்ற உலகப் புகழ் பெற்ற மூன்று கட்டடக் கலைஞர்கள் ஆளுக்கு ஒரு பகுதியாக வடிவமைத்தார்கள். குடும்பத் தலைவர் லீ கன்-ஹீயின் மனைவி ஹொங் ரா-ஹீ அம்மையார் அதன் தலைவியாக இருந்தார்.

2007-ல் சாம்சங்கின் பழைய வக்கீல் ஒருவர், கம்பெனியில் இரகசியப் பணம் இருக்கிறது என்றும், விலை உயர்ந்த சித்திரங்கள் அதில் வாங்கப்பட்டன என்றும் புகார் கிளப்பினார். விசேஷ விசாரணை நடந்தது. சித்திரங்கள் வாங்கிய வகையில் அம்மையார்மீது வழக்கு வரவில்லை. லீ கன்-ஹீ வரி வழக்கில் தண்டனை பெற்று, 2009 இறுதியில் மன்னிப்புப் பெற்றார். அம்மையார் 2008-ல் லீயம் தலைமையிலிருந்து விலகினார். பிறகு திரும்பி வந்து, 2017-ல் மறுபடியும் விலகினார்.

பத்திரிகைகளில் நாள்தோறும் இதைப் படித்த மக்கள், சித்திரசாலை என்றாலே சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கினார்கள். நாடகக்காரர்களுக்கு அது தயாரான சரக்கு! திரையில் விசாரணையும் ராஜினாமாவும் வந்தால், கொரிய ரசிகர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

சோப்புக் குமிழி

ஆனால் "அவளுடைய அந்தரங்க வாழ்க்கை" பணத்தோடு நிற்கவில்லை.

லீ சொல் என்ற ஓர் ஓவியர் தீட்டிய படங்கள் கதையில் வருகின்றன. எல்லாவற்றிலும் சோப்புக் குமிழிகள். குழந்தை ஊதி விளையாடுமே, அந்தக் குமிழிதான். ஏலக் கூடத்தில் இருவரும் போட்டி போட்டதும் அதற்காகத்தான். அந்தப் படத்தைப் பார்த்தாலே ரயனுக்கு நெஞ்சை அடைக்கிறது. கண்ணீர் பெருகுகிறது. காரணம் அவனுக்கே தெரியவில்லை. ஊரெல்லாம் சிதறிக் கிடக்கும் அந்தப் படங்கள் ஒவ்வொன்றாக வந்து சேரச் சேர, அவன் மறந்துபோன பிள்ளைப் பருவமும் ஒவ்வொரு துணுக்காக வந்து சேர்கிறது. லீ சொல் யார்? அவனைப் பெற்ற தாய்!

அவள் ஏன் பிள்ளையைப் பிரிந்தாள் என்ற முடிச்சை நான் அவிழ்க்கப் போவதில்லை. இனிப் பார்க்கப் போகிறவர்களின் சுவையைக் கெடுப்பானேன்? ஆனால் ஒன்று சொல்லலாம். ரயனைப் போன்றவர்கள் கதையில் மட்டும் இல்லை.

1950 முதல் 1953 வரை நடந்த கொரிய யுத்தத்தில் அநாதையான குழந்தைகளை வெளிநாட்டார் சுவீகாரம் எடுத்துச் சென்றார்கள். யுத்தம் முடிந்தது. ஆனால் அனுப்புவது நிற்கவில்லை. வறுமை, மணமாகாத தாய் என்ற அவமானம் என்று பல காரணங்கள். 1985-ம் ஆண்டில் மட்டும் 8,800 பேருக்கு மேல் போனார்கள். மொத்தம் சுமார் 2 லட்சம் குழந்தைகள் என்று கணக்கிடுகிறார்கள். பெரும்பாலோர் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனவர்கள்.

அவர்கள் வளர்ந்தார்கள். தாய் தந்தையைத் தேடி வந்தார்கள். தஸ்தாவேஜுகளைப் புரட்டினார்கள். பலருக்கு அதிர்ச்சி காத்திருந்தது. பெற்றோர் உயிரோடு இருந்தும் "அநாதை" என்று எழுதப்பட்டிருந்தது. ஒரு குழந்தையின் காகிதத்தில் இன்னொரு குழந்தை அனுப்பப்பட்டிருந்தது. 11 நாடுகளிலிருந்து 367 பேர் மனுச் செய்தார்கள். கொரியாவின் உண்மை அறியும் கமிஷன் விசாரித்தது. 2025-ம் ஆண்டு மார்ச்சில் அது முதல் முடிவை வெளியிட்டது. சர்க்கார் மேற்பார்வையில் தவறியதால் இந்தக் குழந்தைகளின் உரிமை பறிபோயிற்று என்று, முதலில் 56 பேர் விஷயத்தில் அது ஒப்புக்கொண்டது.

காகிதம் பொய் சொல்லிவிட்டது. அப்படியானால் அந்தப் பிள்ளைக்கு மிஞ்சுவது என்ன? ஒரு மணம், ஒரு பாட்டு, சுவரில் பார்த்த ஒரு நிறம் என்று ஏதாவது ஒன்றுதான். நாடகத்தில் ரயனுக்கு மிஞ்சியது ஒரு சோப்புக் குமிழி. பொய்த் தஸ்தாவேஜுக்கு எதிரே மெய்த் தஸ்தாவேஜாக ஒரு சித்திரம் நிற்கிறது. அதனால்தான் அந்தக் காட்சியில் பார்த்தவர்களுக்குத் தொண்டை அடைத்தது.

வெள்ளிக் காகிதத்தில் ஒரு தகப்பன்

"பிரிந்த பிள்ளைக்காகப் படம் வரைவதாவது! நாடகத்தில்தான் நடக்கும்" என்று யாராவது சொல்லலாம். அவர்கள் லீ ஜுங்-சொப்பின் வரலாற்றைக் கேட்க வேண்டும்.

லீ ஜுங்-சொப் 1916-ம் ஆண்டு, இன்றைய வட கொரியப் பகுதியில் பிறந்தவர். டோக்கியோவில் ஓவியம் படித்தார். அங்கே மசாகோ என்ற ஜப்பானியப் பெண்ணைக் காதலித்தார். 1945-ல் அந்தப் பெண் கடல் கடந்து வந்து அவரை மணந்துகொண்டாள். இரண்டு ஆண் குழந்தைகள் இருந்தார்கள்.

யுத்தம் வந்தது. 1950 டிசம்பரில் குடும்பம் உடுத்திய துணியோடு தெற்கே ஓடி வந்தது. 1951-ல் ஜேஜூ தீவிலுள்ள சொக்விப்போ என்ற கடற்கரை ஊரில் அடைக்கலம் புகுந்தது. நாலு பேருக்கும் சேர்த்து ஒரு சிறு அறை. கால் நீட்டிப் படுக்க இடம் இல்லை. கடற்கரையில் நண்டு பிடித்துத் தின்றார்கள். ஆனால் நாலு பேரும் ஒன்றாக இருந்தார்கள். அவருடைய வாழ்க்கையில் சந்தோஷமான காலம் அதுதான்!

1952-ல் வறுமை தாளாமல் மனைவியும் பிள்ளைகளும் ஜப்பானுக்குப் போனார்கள். லீ தனியே நின்றுவிட்டார். மறு ஆண்டு ஒரே ஒரு முறை, ஏறக்குறைய ஒரு வாரம், டோக்கியோவில் அவர்களைப் பார்த்தார். பிறகு பார்க்கவே இல்லை.

வரையக் காகிதம் வாங்கக் காசில்லை. சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளிக் காகிதத்தை எடுத்தார். கூரான முனையால் கோடு கீறினார். வர்ணத்தைத் தடவித் துடைத்தார். கீறிய கோட்டில் மட்டும் வர்ணம் தங்கியது. அதில் என்ன வரைந்தார்? குழந்தைகள்! மீனோடும் நண்டோடும் கட்டிப் புரண்டு விளையாடும் குழந்தைகள். பிள்ளைகளுக்கு எழுதிய கடிதங்களின் ஓரத்திலும் படங்கள். மூத்தவனுக்கு ஒன்று, இளையவனுக்கு ஒன்று என்று சண்டை வராதபடி தனித்தனியாக அனுப்பினார்.

1955 ஜனவரியில் சியோலில் கண்காட்சி நடத்தினார். படங்களை விற்று, அந்தக் காசில் ஜப்பானுக்குப் போய்விடலாம் என்று நம்பினார். படங்கள் விற்றன. ஆனால் பணம் ஒழுங்காகக் கைக்கு வரவில்லை. மனம் ஒடிந்தது. உடலும் ஒடிந்தது. 1956 செப்டம்பரில் சியோல் ஆஸ்பத்திரி ஒன்றில் இறந்தார். வயது 40. பக்கத்தில் ஒருவரும் இல்லை. பிணத்தைக் கேட்டுவரச் சில நாட்கள் ஆளில்லை.

இன்று கொரியாவில் அவர் பெயர் தெரியாத பள்ளிப் பிள்ளை இல்லை. அவர் வரைந்த காளை, பாடப் புத்தகத்தில் இருக்கிறது. வெள்ளிக் காகிதப் படங்களில் மூன்று, நியூயார்க்கிலுள்ள நவீனக் கலைக்கூடத்தில் இருக்கின்றன. சாப்பாட்டுக்குத் தவித்த ஓவியனின் படத்தை வாங்க இன்று கோடீசுவரர்கள் போட்டி போடுகிறார்கள்!

இருபத்து மூவாயிரம் பொருள்

போட்டி போட்டு வாங்கியவர்களில் ஒருவர்தான் லீயம் கண்ட லீ கன்-ஹீ.

அவர் 2020-ம் ஆண்டு அக்டோபரில் காலமானார். வாரிசுகள் சர்க்காருக்குக் கட்ட வேண்டிய சொத்து வரி 12 லட்சம் கோடி வொன்னுக்கு மேல்! அன்றைய மதிப்பில் சுமார் 80 ஆயிரம் கோடி ரூபாய். அவர் சேர்த்து வைத்த சித்திரங்களின் கதி என்ன? ஏலத்தில் வெளிநாடு போய்விடுமோ என்ற பேச்சு எழுந்தது.

2021 ஏப்ரலில் குடும்பத்தார் ஒரு முடிவை வெளியிட்டனர். சுமார் 23 ஆயிரம் கலைப் பொருள்களை நாட்டுக்கே கொடுத்துவிட்டார்கள். அவற்றில் 14 பொருள்கள் "தேசியச் செல்வம்" என்ற மிக உயர்ந்த வகுப்பைச் சேர்ந்தவை. பழம்பொருள்கள் தேசிய மியூசியத்துக்கும், புதுக்கால ஓவியங்கள் தேசிய நவீனக் கலைக்கூடத்துக்கும் போயின.

அவற்றில் ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுங் சொன் என்ற மகா ஓவியர், எழுபத்தைந்தாவது வயதில், 1751-ல் தீட்டியது. மழை விட்டபின் இன்வாங் மலை. கருமையும் வெண்மையும் தவிர வேறு நிறம் கிடையாது. ஆனால் பாறையின் ஈரம் கையில் ஒட்டும்போல் இருக்கும்! நோயில் கிடந்த உயிர் நண்பர் குணமடைய வேண்டும் என்று வேண்டி வரைந்தார் என்று ஒரு வழக்கு உண்டு. இன்வாங் மலை இன்றும் சியோலில் அப்படியே நிற்கிறது. படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்கள் மலையையே போய்ப் பார்க்கலாம்.

2021 ஜூலையில் கண்காட்சி திறந்தபோது, கொரோனா காலமாகையால் முன்பதிவு செய்தவர்களைத்தான் உள்ளே விட்டார்கள். டிக்கெட்டுகள் பறந்தன. சினிமா நட்சத்திரத்துக்கு அடித்துக்கொள்வதுபோல, 270 வருஷத்துப் பழைய மலை ஒன்றைப் பார்க்க மக்கள் முண்டியடித்தார்கள்! 2025-ல் இந்தப் பொருள்களில் ஒரு பகுதி வாஷிங்டன் வரை போய்க் காட்சி தந்தது.

இன்னொரு செய்தி இதைவிட இனிமையானது. எல்லாப் படங்களும் தலைநகரிலேயே தங்கிவிடவில்லை. பார்க் சூ-குன் என்ற ஓவியர், யுத்த காலத்தில் சியோலில் அமெரிக்கப் பட்டாளத்தின் கடையில் சிப்பாய்களுக்குப் படம் வரைந்து கொடுத்துப் பிழைத்தவர். அவருடைய 18 படங்கள், அவர் பிறந்த யாங்கு என்ற சிற்றூரிலுள்ள அவர் பெயரிட்ட சித்திரசாலைக்குப் போயின.

லீ ஜுங்-சொப்பின் 12 படங்கள் எங்கே போயின தெரியுமா? சொக்விப்போவுக்கு! நாலு பேரும் நண்டு தின்று உயிர் வாழ்ந்த அதே கடற்கரை ஊருக்கு. அங்கே 2002 முதல் அவர் பெயரால் சித்திரசாலை நடக்கிறது. வந்து சேர்ந்த படங்களில் ஒன்று, அந்த ஊரிலிருந்து தெரியும் ஒரு தீவின் காட்சி. 1951-ல் அவரே அங்கே நின்று வரைந்தது. எழுபது வருஷம் கழித்துப் படம் வீடு திரும்பியது.

2022 ஆகஸ்டில் சியோல் கலைக்கூடத்தில், நாட்டுக்குக் கொடுத்த லீ ஜுங்-சொப் படங்களுக்கென்றே ஒரு கண்காட்சி திறந்தார்கள். வெள்ளிக் காகிதங்களும் வந்தன. அவர் காதலிக்கு அனுப்பிய அஞ்சலட்டைச் சித்திரங்களும் வந்தன. அதே ஆகஸ்டில், ஜப்பானில், மசாகோ அம்மையார் கண்ணை மூடினார். வயது 101. கணவரைவிட 66 ஆண்டுகள் அதிகமாக வாழ்ந்து, பிள்ளைகளைத் தனியே வளர்த்து ஆளாக்கியவர். கணவர் தந்த வர்ணப் பலகையை அத்தனை காலம் பத்திரமாக வைத்திருந்து, 2012-ல் சொக்விப்போ சித்திரசாலைக்கு அவரே கொடுத்துவிட்டார்.

பாடகன் வாங்கிக் கொடுத்த புத்தகம்

நாடகத்தில் வரும் பாடகன் ஷி-யானும் சித்திரப் பிரியன். அவனிடமும் லீ சொல்லின் படம் ஒன்று இருக்கிறது. "ஆடிப் பாடுகிற பையனுக்குச் சித்திரம் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கும் நிஜ வாழ்க்கை பதில் வைத்திருக்கிறது.

பி.டி.எஸ். கோஷ்டியின் தலைவரான ஆர்.எம். என்ற இளைஞர், ஓய்வு கிடைத்தால் சித்திரசாலைக்குப் போகிறவர். 2020-ம் ஆண்டு தம் பிறந்த நாளையொட்டி தேசிய நவீனக் கலைக்கூடத்துக்கு 10 கோடி வொன் கொடுத்தார். எதற்கு? அச்சில் இல்லாமல் போன ஓவியப் புத்தகங்களை மறுபடி அச்சிட்டு, நாட்டுப்புறப் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் அனுப்புவதற்கு! அவர் ஒரு சித்திரசாலைக்குப் போனார் என்று தெரிந்தால், மறு நாளே ரசிகைகள் அங்கே போய் நிற்கிறார்கள். முதலில் அவர் நின்ற இடத்தைப் பார்க்கிறார்கள். பிறகு அவர் பார்த்த படத்தையும் பார்க்கிறார்கள்.

சுங் டக்-மி நாணப்பட வேண்டியதே இல்லை! ரசிகைக்கும் காப்பாட்சியருக்கும் நடுவே இருந்த சுவர், கொரியாவில் நிஜமாகவே இடிந்துகொண்டு வருகிறது.

யாருக்குச் சொந்தம்?

மறுபடியும் அந்தக் கேள்விக்கு வருவோம். சித்திரம் யாருக்குச் சொந்தம்?

காசு கொடுத்தவருக்குச் சொந்தம் என்கிறது சட்டம். சட்டத்தை மீற யாராலும் முடியாது. பணம் உள்ளவர்கள் வாங்கிப் பாதுகாத்திராவிட்டால், சுங் சொன்னின் மலையும், லீயின் வெள்ளிக் காகிதமும் எங்கே போயிருக்குமோ! கான்சொங்கின் நிலச்சுவான்தார் சொத்தை இழந்திராவிட்டால், கொரிய எழுத்தின் பிறப்புச் சான்று இன்று இருந்திருக்குமா? அந்த நன்றியை மறக்கக் கூடாது.

ஆனால் வாங்கியவருக்குத் தெரியாத ஒன்று எப்போதும் படத்தில் இருக்கிறது. ஒரு படத்தைப் பூட்டி வைத்தால், அது யாருக்காகத் தீட்டப்பட்டதோ அவர் அதைக் காண முடியாது. லீ ஜுங்-சொப் குழந்தைகளை வரைந்தபோது, ஏலக் கூடத்தை நினைக்கவில்லை. கடலுக்கு அப்பால் இருந்த இரண்டு பையன்களை நினைத்தார். நாடகத்தில் லீ சொல் குமிழி வரைந்தபோது, பறிகொடுத்த ஒரு பிள்ளையை நினைத்தாள். எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று தெரியாத கடிதம் அது.

அப்படிப்பட்ட கடிதங்களுக்கு ஒரு பொது விலாசம் வேண்டும். கதவு திறந்திருக்க வேண்டும். என்றைக்காவது உரியவர் வந்து நிற்கும்வரை, நிறம் மங்காமல், கிழியாமல், 50 லக்ஸ் வெளிச்சத்தில் யாராவது ஒருவர் காத்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்குத்தான் சித்திரசாலை என்று பெயர்.

சேயும் சித்திரசாலை சியோலில் இல்லைதான். படப்பிடிப்பு முடிந்ததும் பலகைகளைக் கழற்றியிருப்பார்கள். ஆனால் சொக்விப்போவில் ஒரு சித்திரசாலை உண்மையாகவே இருக்கிறது. பக்கத்திலேயே, நாலு பேர் கால் மடக்கிப் படுத்த அந்தச் சிறு அறையையும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அப்பாவின் படங்கள் உள்ளே இருக்கின்றன. வாசலில் நின்றால் அதே கடல், அதே தீவு.